கடலுக்கடியில் மூழ்கிய நதிகள்: இந்தோனேசிய மணலில் கிடைத்த ஆதிமனித எச்சங்கள்

தென்கிழக்கு ஆசியாவில் சுமத்ரா, ஜாவா, போர்னியோ தீவுகளுக்கு இடையே உள்ள ஆழமற்ற கடலின் அடியில், ஒரு காலத்தில் பெருநதிகள் ஓடிய தடங்கள் புதைந்து கிடக்கின்றன. இப்பகுதி சுந்தா கண்டத்திட்டு என அழைக்கப்படுகிறது.

உருவானது எப்படி?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைய நிலையைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஜாவா கடலின் சராசரி ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு. ஆகவே, அன்று இத்தீவுகள் ஆசியப் பெருநிலத்துடன் இணைந்திருந்தன. சுமத்ராவின் மூசி, போர்னியோவின் கப்புவாஸ் உள்ளிட்ட ஆறுகள் ஒரே பேராற்றில் கலந்து, வடக்கே தென்சீனக் கடலை அடைந்தன. பின்னர் பனி உருகியதால் கடல் உயர்ந்து, இச்சமவெளியை மூழ்கடித்தது. 14,600 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு கட்டத்தில், சுமார் 300 ஆண்டுகளுக்குள் கடல்மட்டம் 16 மீட்டர் உயர்ந்ததைக் கடலடிப் படிவுகள் காட்டுகின்றன.

சான்றுகள்

டச்சு நிலவியலாளர் மோலென்கிராஃப், கடலின் ஆழ அளவீடுகளைக் கொண்டு 1921-ஆம் ஆண்டிலேயே இந்நதிகளின் போக்கை விளக்கினார். இன்று கடலால் பிரிக்கப்பட்டுள்ள கிழக்கு சுமத்ரா, மேற்கு போர்னியோ ஆறுகளில் ஒரே இனத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்கள் பல வாழ்வதும் இதற்கு வலுச்சேர்க்கிறது.

மணலும் எச்சங்களும்

பங்கா, பெலிதுங் தீவுகளை ஒட்டிய மூழ்கிய பள்ளத்தாக்குகளில் வெள்ளீயத் தாது படிந்துள்ளது. மின்னணுக் கருவிகளின் பற்றவைப்புக்குத் தேவைப்படும் இவ்வுலோகத்துக்காக அங்கு கடலடி தோண்டப்படுகிறது. கடல் கலங்குவதால் மீன்பிடித் தொழில் பாதிக்கப்படுவதாக மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர்.

ஜாவாவின் சுரபாயா அருகே மதுரா நீரிணையில், நிலப்பரப்பை விரிவாக்குவதற்காக மணல் அள்ளப்பட்டது. சோலோ ஆற்றின் மூழ்கிய பள்ளத்தாக்கிலிருந்து வந்த அம்மணலில், 6,000-க்கும் அதிகமான விலங்கு எச்சங்களும், ஹோமோ எரெக்டஸ் எனும் ஆதிமனித இனத்தின் இரு மண்டையோட்டுத் துண்டுகளும் கிடைத்தன. இவை முந்தைய பனியுகத்தைச் சேர்ந்தவை. சுமார் 1,40,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2025-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

மணல் அள்ளப்பட்டதாலேயே இவை வெளிப்பட்டன. எனினும், இயந்திரம் உறிஞ்சிய மணலில் படிவுகளின் அடுக்குகள் கலைந்துவிடுகின்றன. ஒவ்வொரு எலும்பும் ஆற்றுப்படுகையில் எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரத்தை அதன்பின் மீட்க இயலாது.