தேவர் யார்? அசுரர் யார்?

கரிசல் மண்ணின் கதைக்களஞ்சியம் இடைசெவல். 1923-ல் அங்கே பிறந்த கி. ராஜநாராயணன், உழவர் நாவில் வாழ்ந்த கதைகளைத் திரட்டி ஏட்டில் ஏற்றினார். கதை புலவரின் தனியுடைமையன்று என நிலைநாட்டினார்.

பாரசீகப் புராணத்திலிருந்து முளைத்த மாயக்கதைகளும் இன்று இளைஞரை ஈர்க்கின்றன. படிக்கட்டும், ஆராய்ந்து படிக்கட்டும்! இங்கே தேவர் தெய்வம், அசுரர் கொடியோர். அங்கேயோ 'அகுரா' தெய்வம், 'தேவா' கொடியோன்! வேர்ச்சொல் ஒன்று, தீர்ப்போ தலைகீழ். அரக்கன் பிறப்பதில்லை, பகைவனால் பெயரிடப்படுகிறான் என்பது விளங்கவில்லையா?

1010-ல் பிர்தௌசி முடித்த 'ஷாநாமா'வில், தோளில் பாம்பு முளைத்த கொடுங்கோலன் சகாக். அப்பாம்புகளுக்கு இரை மனித மூளை! பெற்ற மக்களைப் பறிகொடுத்த கொல்லன் காவே, உலைக்களத்தில் தான் கட்டிய தோலையே கொடியாக உயர்த்தினான், மக்கள் திரண்டனர், கொடுங்கோல் சாய்ந்தது.

கரிசற்காட்டு உலைக்களமும் அந்நெருப்பை அறியும். இளைஞனே, மாயத்தை விடு. கொல்லனின் கொடியை எடு!