மேலே பாருங்கள்

தாமல் ஏரியை ஒட்டிய ஊர்களில் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டு கைகாலும் பேச்சும் விழுந்துவிட்டால், பார்க்க வருகிற உற்றார் கட்டிலருகே குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்பது வழக்கம். விடை வராது போனால், "நினைவு தப்பிடுச்சு" என்று தீர்மானித்துக்கொண்டு, மேற்கொண்டு ஆக வேண்டியவற்றைத் தலைமாட்டிலேயே நின்று பேசத் தொடங்கிவிடுவதும் உண்டு. அன்பினால் பிறந்த கேள்விதான். ஆயினும் நாவை இழந்தவரிடம் நாவால் விடை கேட்கும் கேள்வி.

இந்தப் பிழையை வைத்திய சாஸ்திரத்துக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் கண்டுகொண்டார். 1844 முதல் 1846 வரை தொடர்கதையாக வெளிவந்த 'மாண்டி கிறிஸ்டோ பிரபு'வில், வாதத்தால் சரீரமெல்லாம் ஸ்தம்பித்த நுவார்த்தியே என்னும் கிழவரை அலெக்ஸாந்தர் தூமா படைத்தார். கண்ணை மூடினால் சம்மதம், பலமுறை இமைத்தால் மறுப்பு என்று வகுத்துக்கொண்டு, பேத்தி எழுத்துக்களை வரிசையாகச் சொல்ல, வேண்டிய எழுத்தில் நிறுத்தி, அகராதியில் சொல்லைத் தேர்ந்து, அக்கிழவர் தம் உயிலையே எழுதுவித்துவிடுகிறார்.

1966-இல்தான் பிளம், போஸ்னர் என்னும் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் இருவர், உள்ளே பூட்டப்பட்டவர் நிலை என்னும் பொருள்படும் பெயரை இத்தகைய முடக்கத்துக்குச் சூட்டினர். மூளைத்தண்டுக்கு இரத்தம் கொணரும் பேஸிலார் தமனி அடைபடுகையில், அத்தண்டின் முன்பாகத்தில் இறங்கும் நரம்புகள் அழிந்து, கை கால் முகம் நாக்கு யாவும் செயலற்றுப் போகலாம். விழிப்பைக் காக்கும் பின்பாகம் பிழைத்திருந்தால், செவி கேட்கும், சிந்தை தெளிந்திருக்கும். விழியை மேலும் கீழும் செலுத்தும் மையமோ இவற்றுக்கு மேலே நடுமூளையில் தப்பியிருக்கும். ஆகையால், "கையைத் தூக்குங்கள்" என்பதோடு நில்லாமல், "மேலே பாருங்கள், கீழே பாருங்கள்" என்று சொல்லிப் பார்ப்பதே அந்தரங்கப் பிரக்ஞையைக் கண்டறியும் எளிய சோதனையாயிற்று.

1995 டிசம்பரில் இந்நிலைக்கு உள்ளான பிரெஞ்சுப் பத்திரிகாசிரியர் ழான் தொமினிக் போபி, இடக்கண் இமை ஒன்றினாலேயே எழுத்தெழுத்தாய் ஒரு நூலைச் சொல்லி முடித்து, 1997 மார்ச்சில் அது வெளிவந்த சில நாட்களில் மறைந்தார். அவர் நிறுவிய சங்கத்தைச் சேர்ந்த 44 நோயாளிகளை விசாரித்தபோது, உணர்வு இருப்பதை முதலில் கண்டுகொண்டவர் பாதிக்கு மேற்பட்டோர் விஷயத்தில் குடும்பத்தாரே என்பது தெரியவந்தது.

தாமலுக்கு மேற்கே வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், கிழக்கே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி 1950-இலும் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தனர். பெரிய வைத்தியம் இருபுறமும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டிலருகே இருப்போர் செய்யக்கூடியதும் உண்டு. தமிழுக்கு 247 எழுத்துக்களாயிற்றே என்று மலைக்க வேண்டுவதில்லை. பதினெட்டு மெய்களைச் சொல்லி வருகையில் 'த்'தில் விழி உயர்ந்தால் நிறுத்தி, பிறகு உயிர்களைச் சொல்லத் தொடங்கி 'அ'வில் உயர்ந்தால், முதலெழுத்துக் கிடைத்துவிடும். இன்னும் மூன்றெழுத்து சேர்ந்தால், நெடுநேரமாய் ஒருவரும் கேளாதிருந்த 'தண்ணீர்' என்னும் சொல் வந்துவிடும்.