முக்கொம்பு சொல்லித் தந்த பாடம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் என் நினைவுக்கு வந்தது முக்கொம்புதான். லால்குடியிலிருந்து தினமும் கொள்ளிடம் பாலம் தாண்டிக் கல்லூரிக்கு வந்தவன் நான். "தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு ஒருத்தர் யோசிச்சதாலதான்டா தஞ்சாவூர் பொழச்சுது" என்பார் தாத்தா.

அந்த ஒருவர் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர். அன்று காவிரித் தலைப்பு மணல் மேடிட்டு, தாழ்வான கொள்ளிடம் வழியே தண்ணீர் கடலுக்குப் போனது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. மணலில் அணை நிற்கும் என்பதைக் கல்லணையிடம் கற்ற காட்டன், அரசை இணங்க வைத்து, 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கினார்.

அதோடு கதை முடியவில்லை. காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து ஆற்றின் அடிமட்டத்தை அரித்தது. 1845-ல் காவிரித் தலைப்பிலும் தடுப்பு கட்ட நேர்ந்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இடிந்தன. பின்னர் புதிய கதவணை எழுந்தது.

தம்பி, தங்கைகளே! அணையை ஓரடி உயர்த்துவது வெறும் கணக்கல்ல. யாருக்குத் தண்ணீர், யாருக்கு இல்லை என்ற தீர்ப்பு. கட்டியதோடு கடமை முடிவதுமில்லை. வரைபடத்தில் கோடு இழுக்கும்போது கடைமடைக்காரரையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.