செவ்வாய் காட்டிய கண்ணாடி

விண்ணிலிருந்து வேற்றுலகினர் வந்திறங்கும் கதையென்றதும், சிறுவர் விளையாட்டு என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. நகைக்கட்டும்! வரலாறு அறிந்தோர் நகையார். மனிதன் தன் முகத்தைக் காணத் தானே சமைத்துக்கொண்ட கண்ணாடி அக்கதை.

1752-இல் பிரெஞ்சுப் பேரறிஞர் வால்டேர் 'மைக்ரோமெகாஸ்' என்னும் கதையை வெளியிட்டார். சிரியஸ் விண்மீன் உலகத்தவன் ஒருவன், சனிக்கோளின் தோழனுடன் பூவுலகுக்கு வருகிறான். இருவரும் மலையையொத்த பேருருவினர். அவர்களிடம், ஞாயிறும் விண்மீன்களும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன என்று முழங்குகிறார் ஒரு சமயவாதி. வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர் வந்தவர்கள். ஆணவத்தின் தலையில் விழுந்த அடி அச்சிரிப்பு!

வால்டேர் சிரிக்க வைத்தார், எச். ஜி. வெல்ஸ் நடுங்க வைத்தார். டார்வின் கொள்கைக்காக வாதாடிய ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர் வெல்ஸ். அவருடைய 'உலகங்களின் போர்' 1897-இல் தொடராக வந்து, 1898-இல் நூலாயிற்று. செவ்வாயினர் இங்கிலாந்தில் இறங்குகின்றனர். வெப்பக்கதிர் பாய்கிறது, கரும்புகை சூழ்கிறது, பீரங்கிகள் பொடியாகின்றன. உலகை ஆண்ட பேரரசின் தலைநகர மக்கள் உயிர் பிழைத்தால் போதுமென ஓடுகின்றனர்.

எங்கே கருக்கொண்டது இக்கற்பனை? டாஸ்மேனியாத் தீவில்! அத்தீவின் தொல்குடியினர்க்கு நேர்ந்த கொடுமை பற்றித் தமையன் பிராங்க்குடன் உரையாடியபோது உதித்த கரு அது. நூலின் முதல் அதிகாரமே அம்மக்களை நினைவூட்டுகிறது.

1803-இல் அங்கே குடியேறினர் ஆங்கிலேயர். துப்பாக்கி ஒருபுறம், நோய் மறுபுறம். எஞ்சியோரில் ஏறத்தாழ 200 பேர் பிளிண்டர்ஸ் தீவில் அடைக்கப்பட்டனர். 1847-இல் அங்கிருந்து மீண்டோர் எத்தனை பேர்? நாற்பத்தேழே பேர்! 1876-இல் ட்ருகானினி என்னும் மூதாட்டி மறைந்தார். அவருடைய எலும்புக்கூட்டை 1904 முதல் 1947 வரை ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக்கினர். அவரோடு அவ்வினமே அற்றுப்போயிற்று என்றும் எழுதினர். பொய்யுரை அது! அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். ட்ருகானினியின் எலும்புகள் 1976-இல் எரியூட்டப்பட்டன. சாம்பல் கடலில் தூவப்பட்டது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. டாஸ்மேனியாவில் வந்தேறிகள் கொணர்ந்த நோய்க்கு மண்ணின் மக்கள் மாண்டனர். வெல்ஸின் கதையிலோ, மண்ணின் நுண்ணுயிர்களுக்கு வந்தேறிகள் மாள்கின்றனர். வென்றவனைத் தோற்றவன் இடத்தில் நிறுத்தி, "இப்போது சொல், இது நீதியா?" என வினவுகிறது கதை.

1965-இல் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைப் படமெடுத்தது. சிலர் கண்டதாகச் சொன்ன கால்வாய்களும் இல்லை, நகரங்களும் இல்லை. செவ்வாயினர் மறைந்தனர், கேள்வி மறையவில்லை. அறிவிலும் ஆற்றலிலும் உயர்ந்தேன் என்பவனுக்கு எளியவனை அழிக்கும் உரிமையை அளித்தவர் யார்?

உண்டு அவ்வுரிமை என்போர், செவ்வாயினரைக் கொடியவர் எனல் ஆகாது. இல்லை என்போர், டாஸ்மேனியாவை மறத்தல் ஆகாது.

இளைஞர்களே! இத்தகு கதைகளைப் படியுங்கள். வானத்தை நோக்கத் தொடங்கும் கண், மனிதனை நோக்கி முடியட்டும்!