விவசாயிகளே திறக்க வேண்டாம்னு சொன்ன அணை

நல்ல விதை, உரம், பாசனத் தண்ணி – இந்த மூணும் இருந்தா விளைச்சல் கூடும், பசி தீரும். பசுமைப் புரட்சியோட கணக்கு சுருக்கமா இதுதான். இந்தக் கணக்கு தப்பிப்போன ஒரு இடத்தை இன்னைக்குப் பார்க்கலாம். சென்னிமலைப் பக்கம் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களின் பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டின இந்த அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூர் பனியன் ஏற்றுமதி வேகமா வளர்ந்த நேரமும் அதுதான்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு போடணும். சாயம் துணியில் ஏறிடும், உப்பு கழிவுநீரோட வெளியே வந்துடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும், அவற்றால் நிறத்தைக் குறைக்க முடிந்ததே தவிர உப்பை எடுக்க முடியல. அணையோட வேலை வர்றதைச் சேர்த்து வைக்கிறது. அது சாயக் கழிவைச் சேர்த்து வச்சது.

பொதுவா விவசாயிங்க அணையைத் திறக்கச் சொல்லித்தான் போராடுவாங்க. இங்கே திறக்காதீங்கன்னு போராடினாங்க. மூடி வச்சாலும் கசிவு தோட்டத்துக் கிணறுகளுக்குப் போச்சு. மண்ணில் உப்பு ஏறினா, ஈரம் இருந்தும் பயிரால அதை உறிஞ்ச முடியாது. கண் முன்னாடி தண்ணி, ஆனா பயிர் காயுது.

வழக்கு நீதிமன்றம் போச்சு. சுமார் 28,600 விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கணக்கிட்டாங்க. வகுத்துப் பாருங்க, ஒருத்தருக்குச் சராசரியா ஒன்பதாயிரம்கூட வராது. 2011 ஜனவரியில், கழிவுநீரை முழுசா நிறுத்தாத சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அப்போ வேலை இழந்தவங்களும் சாதாரணத் தொழிலாளிங்கதான்.

திருப்பூரை வில்லனாக்குறது சுலபம். ஆனா மழை பொய்த்த காடுகளிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது பனியன் கம்பெனிச் சம்பளம்தான். தானியம் இருந்தா மட்டும் பசி தீராது, அதை வாங்குற சக்தியும் வேணும்னு அமர்த்தியா சென் 1981-லேயே எழுதினார். அந்த வகையில் இங்கே பஞ்சம் வரல. ரேஷன் அரிசியும் இருந்தது.

ஆனா ஒண்ணு யோசிங்க. தானே விளைவிச்சு நாலு பேருக்குக் கொடுத்தவர், இப்போ அரிசி வாங்க வார சம்பளத்தை எதிர்பார்க்கிறார். ஏற்றுமதி ஆர்டர் குறைஞ்சா சம்பளமும் குறையும். அந்த நேரத்தில் திரும்பிப் போக முன்னாடி ஒரு தோட்டம் இருந்தது. உப்பேறின தோட்டத்துக்கு எப்படித் திரும்புவார்?

அணை கட்டும்போது எத்தனை ஏக்கர் பாயும்னு கணக்குப் போட்டோம். எப்படிப்பட்ட தண்ணி வரும்னு கேட்கல. அடுத்த முறை ஏதாவது பாசனத் திட்டம் பத்திச் செய்தி படிச்சா, மேலே இருக்கிற ஊர்ல என்ன தொழில் நடக்குதுன்னும் பாருங்க. மீண்டும் சந்திப்போம்.