துண்டும் சீட்டும்: மலையகத் தமிழரின் ஐயத்துக்கு ஒரு வரலாறு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடுவதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, பல தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்துவரும் மலையகத் தமிழரிடம், அரசோ தோட்ட நிர்வாகமோ நீட்டும் காகிதத்தை உடனே நம்பிவிடாத வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கல்வியறிவின்மையும் வதந்திகளுக்கு இடம்கொடுக்கும் இயல்புமே இதற்குக் காரணம் என்பது வெளியார் எளிதில் சொல்லிவிடும் விளக்கம். இருநூறு ஆண்டு வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், அந்த ஐயம் அனுபவத்திலிருந்து திரண்ட ஓர் அறிவு என்பதும், ஒவ்வொரு காகிதத்தின் சொல்லையும் அதன் பின்விளைவோடு ஒப்பிட்டே அம்மக்கள் அதனை அடைந்தனர் என்பதும் புலப்படும்.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமான பின், 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, 1840களில் பெருந்தோட்டத் தொழிலாக விரிந்தது. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய வறண்ட அல்லது நிலமற்றோர் மிகுந்த பகுதிகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றவர்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உழைப்பதாக எழுத்து ஒப்பந்தத்தால் கட்டப்பட்டிருந்தனர்; இலங்கைக்குச் சென்றவர்களோ அத்தகைய ஒப்பந்தம் இல்லாத சுதந்திரத் தொழிலாளர் என்று அரசு கருதியது. வெளிநாட்டுக் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய சட்டத்திலிருந்து 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு விலக்களிக்கப்பட்டது. இந்த விலக்கின் உட்பொருள் கவனத்துக்குரியது: ஒப்பந்தம் இல்லை என்பதால் அதனைக் கண்காணிக்கும் அலுவலரும் இல்லை, வந்தவர் எத்தனை பேர், மாண்டவர் எத்தனை பேர் என்பதற்குப் பொறுப்பாகக் கணக்குச் சொல்வாரும் இல்லை.

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்த அத்தொழிலாளரை வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியிலேயே மாய்த்தன. 1841ஆம் ஆண்டுக்கும் 1849ஆம் ஆண்டுக்கும் இடையில் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர், அதாவது சுமார் 70,000 பேர், இறந்திருக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து வெளிவந்த ஒப்சேவர் இதழ் கணித்தது. அந்த எண்ணிக்கை ஆய்வாளரிடையே இன்றும் விவாதத்துக்குரியது; ஆயினும் அவ்வளவு பெரிய தொகை விவாதத்துக்குரியதாக நிற்பதே, எண்ண வேண்டியவர்கள் எண்ணவில்லை என்பதற்குப் போதிய சான்றாகும். இதே தோட்ட வாழ்வைக் குறித்து இருவகைப் பாடல்கள் எழுந்தன. தோட்டக் கணக்குப் பணியில் இருந்த ஆபிரகாம் ஜோசேப் 1869ஆம் ஆண்டில் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’, கோப்பிப் பயிரின் முறைகளை நிர்வாகத்தின் நோக்கிலிருந்து தொழிலாளருக்கு எடுத்துரைத்தது. லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் பெயரறியாதோர் கட்டிய நாட்டார் பாடல்களோ ஏமாற்றி அழைத்துவந்த கங்காணியையும் கணக்கில் குறைந்த கூலியையும் வழியில் இழந்த உறவையும் பேசின. பிற்காலத்தில் சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த அப்பாடல்களை, எழுத்தறியாத ஒரு சமூகம் வைத்திருந்த எதிர்ப்பதிவேடாகக் கொள்வதே பொருத்தம்.

ஐயத்தின் மூலத்தைத் தேடுவோர் நெடுநேரம் நின்று பார்க்க வேண்டிய இடம் துண்டு என்னும் ஏற்பாடு ஆகும். கங்காணி என்பவர் தம் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, தோட்டத்துக்கு அழைத்துவந்து, அங்கே அவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் கடன்காரராகவும் நிலைபெற்றவர். பல சில்லறைக் கங்காணிகளின் கூட்டங்களைத் தம் கீழ் வைத்திருந்தவர் பெரிய கங்காணி. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு கங்காணியின் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கூட்டத்தை விடுவிக்கச் சம்மதம் என்று துரை, அதாவது தோட்ட நிர்வாகி, ஒரு சிறு சீட்டில் எழுதிக் கொடுப்பார், அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறும்; கட்டிய பணம் ஆட்களின் பெயரில் கடனாக ஏறும்; அடுத்த இடமாற்றத்தில் துண்டின் தொகை மேலும் பெருகும். கப்பல் கட்டணம், வழிச் சோறு, கம்பளி, அரிசி, திருமணச் செலவு ஆகியவற்றோடு கங்காணி தமக்காக வாங்கிய பணமும் அதே கணக்கில் கலந்தது. தம் பெயரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதைத் தொழிலாளி அறிந்துகொள்ள வழியே இருக்கவில்லை. அச்சீட்டு துரைக்கும் கங்காணிக்கும் இடையில் மட்டுமே உலவியது. சுதந்திரமானவர் என்று அரசு அறிவித்த ஒருவரை, அவர் பார்த்தேயிராத ஒரு காகிதம் தோட்டத்துக்குத் தோட்டம் விலைபேசிக் கைமாற்றியது.

கடனை உதறிவிட்டு ஓடியவரைச் சட்டம் பிடித்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; கூலியை மாதக்கணக்கில் நிலுவையில் வைத்த முதலாளியின் தவறோ உரிமை வழக்காகவே நோக்கப்பட்டது. 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளில் தோன்றிய துரு நோய் அடுத்த இரு பதிற்றாண்டுகளில் அத்தொழிலை அழித்தபோது, நொடித்துப்போன தோட்டங்களில் நிலுவைக் கூலி வராமலே போனவர்கள் பலர். தேயிலை அந்த இடத்தைப் பிடித்த பின், தனித் துரைமாருக்குப் பதிலாக இலண்டனில் பங்குதாரரைக் கொண்ட கம்பனிகள் உரிமையாளராயின. புதிதாக வந்தவரின் கழுத்தில் தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகரத் தட்டைத் தொங்கவிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இத்தட்டைக் காட்டினால் வழிச்செலவுக்குக் கைப்பணம் வேண்டியதில்லை என்பது அரசு தந்த விளக்கம். தட்டின் எண்ணைக் கொண்டு ஆள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பது தீர்மானமாயிற்று என்பது தொழிலாளி கண்ட நடைமுறை. இரண்டும் உண்மையே. அரசின் விளக்கத்தில் ஒரு பாதி மட்டுமே இடம்பெறும் என்பதை அம்மக்கள் இவ்வாறுதான் கற்றனர்.

தோட்டத்துக்குள் அன்றாடம் நடந்த கணக்கும் இதே பாடத்தையே புகட்டியது. விடியலில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் வேலை பிரிக்கப்படும். மாலையில் செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ விழும். குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் மட்டுமே பதியப்படும். கூடையின் எடை, இலையில் ஒட்டிய ஈரம் என்று சொல்லிக் கழிக்கப்படும் இறாத்தல்கள் முழுநாள் உழைப்பை அரைநாளாக்கின. தராசையும் பேனாவையும் வைத்திருந்தவர் கணக்கப்பிள்ளை. முதுகில் கூடையோடு நின்ற பெண் தன் நினைவில் வைத்திருந்த எண்ணிக்கைக்கு எவ்விடத்திலும் பதிவு இல்லை.

இம்மௌனக் கணக்கைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் ஆவார். ‘தேசபக்தன்’ இதழை நடத்தியும், அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை 1931ஆம் ஆண்டில் அமைத்தும், சட்டசபையில் பேசியும், கம்பனிகளும் கங்காணிகளும் சொல்லிவந்ததற்கு எதிரான ஆதாரங்களை அவர் ஒவ்வொன்றாக முன்வைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடல்களால் அதே செய்தியைப் பரப்பினார். துண்டு முறையைத் தடைசெய்யும் சட்டம் 1921ஆம் ஆண்டிலும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927ஆம் ஆண்டிலும் பிறந்தன. இந்தியாவில் கிளம்பிய எதிர்ப்பு இவ்விரண்டிலும், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் நெருக்குதல் பின்னதிலும் பெரும் பங்கு வகித்தன.

சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டு வந்தபோது மலையகத் தமிழருக்கு முன் ஒரு புதிய காகிதம் வைக்கப்பட்டது. நிரந்தரக் குடியிருப்பு உரித்தை வேறு வகையில் நிறுவ இயலாதோர், ஐந்தாண்டு வசிப்பைக் காட்டி, நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தை அறிவித்து, இந்தியத் தொழிலாளர் என்ற வகையில் இருந்த தனிப் பாதுகாப்புகளையும் கைவிட்டால், வாக்களிக்கத் தகுதி தரும் சான்றிதழைப் பெறலாம். அதனைப் பெற்றவர் மிகச் சிலரே. கூலிப் பாதுகாப்பைக் கொடுத்து வாக்கை வாங்குவது, துண்டின் நினைவு மறையாத ஒரு தலைமுறைக்கு, இன்னும் ஒரு கைமாற்றலாகவே தோன்றியிருக்கும்.

சுதந்திரத்தோடு வந்த சட்டங்கள் இந்த ஐயத்தை முழுமையாக மெய்ப்பித்தன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்கு வலுவூட்டின. மறு ஆண்டே நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் மரபுவழிக் குடிமகனாக வேண்டுமானால் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், தாம் வெளியே பிறந்திருந்தால் தந்தையும் தந்தைவழிப் பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. அச்சட்டத்தின் வாசகத்தில் இந்தியத் தமிழர் என்ற பெயரே இல்லை. எல்லோருக்கும் பொதுவான விதி என்றே அது பேசியது. லயத்துக் குழந்தைகளின் பிறப்பைப் பல தலைமுறைக்குச் சான்றுடன் நிறுவுவது இயலாத செயல் என்பதும், அயலிலுள்ள கிராமத்தவரிடம் அத்தகைய சான்றை எவரும் கேட்கப்போவதில்லை என்பதும் அனைவரும் அறிந்தவையே. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்று வரையறுத்தபோது, 1952ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் காங்கிரசுக்கு ஓர் இடமும் எஞ்சவில்லை.

இழந்ததை விண்ணப்பித்துப் பெறலாம் என்றது 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம். மணமானோருக்கு ஏழாண்டும் மற்றோருக்குப் பத்தாண்டும் இடையறாத வசிப்பு வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் வசிப்பு அறுந்ததாகும். இறுதி நாள் 1951 ஆகஸ்டு 5. இங்கே ஐயம் தன் விலையையும் கேட்டது. சட்டத்தை நம்பாத காங்கிரஸ் தலைமை காலக்கெடுவின் பெரும்பகுதியைப் புறக்கணிப்பிலேயே கழித்துவிட்டுக் கடைசி மாதங்களில்தான் மனம் மாறியது. அதன் பின் குவிந்த சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியிருந்தன. அந்தத் தாமதம் ஆதாரம் திரட்டும் அவகாசத்தைச் சுருக்கியது என்பதை மறுக்க இயலாது. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தால் முடிவு பெரிதும் வேறாகியிருக்கும் என்று கருதுவதற்கும் இடமில்லை. வசிப்பை நிறுவ வேண்டிய பதிவேடுகள் தோட்ட அலுவலகத்தில் இருந்தன. ஊரிலிருந்த தாய்தந்தையைப் பார்க்கப் போய்வந்ததும், அவர்களுக்குப் பணம் அனுப்பியதும், நிலையாகத் தங்கும் எண்ணமின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. இறுதியில் ஏற்கப்பட்டவர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே.

1949ஆம் ஆண்டின் வாக்குரிமை மறுப்பை எதிர்த்துக் கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயரில் நடந்த வழக்கு, அக்காலத்தின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாகிய இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஓர் இனத்துக்கு மட்டும் இடர் விளைவிக்கும் சட்டத்தை அன்றைய இலங்கையின் அரசியலமைப்பாகிய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடைசெய்கிறது என்பது வழக்கின் அடிப்படை. ஒரு நாடு தன் குடிமக்கள் யாவர் என வரையறுப்பது இயல்பான உரிமை என்றும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் அவர்களுடைய தகுதியை ஆராய்வதற்குப் பொருத்தமான செய்தியே என்றும் கூறி, 1953ஆம் ஆண்டு அம்மன்றம் வழக்கைத் தள்ளியது. நூறாண்டுகளுக்கு மேலாகத் தோட்டங்களின் தேவைக்கேற்ப ஆட்களைக் கடல் தாண்டி வரவும் போகவும் வைத்தது கம்பனிகளின் ஏற்பாடு. அந்தப் போக்குவரவே, ஏற்பாட்டுக்கு உட்பட்டவர்களின் இயல்பாக வழங்கப்பட்டு, அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை நாடற்றோர் தொகையை 9,75,000 எனக் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974ஆம் ஆண்டு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களின் சம்மதம் எவ்விடத்திலும் கேட்கப்படவில்லை. விண்ணப்பங்கள் வந்தபோது இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய தொகைக்குக் குறைவாகவும், இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய தொகைக்கு மிக அதிகமாகவும் இருந்தனர் என்பது, தாயகம் எது என்பதில் அரசுகளின் கருத்தும் மக்களின் கருத்தும் எவ்வளவு விலகி நின்றன என்பதைக் காட்டுகிறது.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோரைத் தமிழகத்தின் ஆவணங்கள் தாயகம் திரும்பியோர் என்றன. நீலகிரியின் ஊர்வழக்கு அவர்களைச் சிலோன்காரர் என்றது. முன்னோர் பலர் ஆள்திரட்டலின்போது கடந்துசென்ற மண்டபம் முகாமிலேயே அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றவர்கள் ஒப்பளவில் நற்பேறு பெற்றோர். வணிகக் கடன் என்ற பெயரில் சிறுதொகை பெற்று, அறிமுகமில்லாத ஊர்களில் அதனைத் தரகரிடம் இழந்தவர்களும், கொடைக்கானல் மலைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கொத்தடிமையானவர்களும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் 1984ஆம் ஆண்டு கப்பல் நின்றுபோனதால் செல்ல இயலாதவர்கள், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை எந்த நாட்டிலும் முழுக் குடிமக்களாக இருக்கவில்லை.

இலங்கையில் இதற்கிடையே அரசுடைமையாக்கப்பட்டிருந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992ஆம் ஆண்டு முதல் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நாட்கூலி ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்ற பல்லாண்டுக் கோரிக்கை 2021ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலாக வெளிவந்த பின், ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் எடையைப் பல நிர்வாகங்கள் உயர்த்திவிட்டன என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. செக்ரோலை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்க முடியாது. 2010களில் இந்திய உதவியுடன் முதற்கட்டமாக 4,000 தனி வீடுகளும், குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் அறிவிக்கப்பட்டபோதும், மலையகத்தின் அமைப்புகள் முதலில் எழுப்பியது உறுதிப் பத்திரம் பற்றிய கேள்வியே: அது எவர் பெயரில் எழுதப்படும், காணிப் பதிவகத்தில் பதியப்படுமா, கம்பனியின் குத்தகைக்கு உட்பட்டதா, வேலையை விட்டவரிடமிருந்து திரும்பப் பெறத்தக்கதா. இக்கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்பது அவர்களுடைய உரிமை. அவ்வாறு கேட்காமல் கையெழுத்திட்ட முன்னோரின் அனுபவம் அவர்களிடம் இருக்கிறது.