சிண்டா நிதி

சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், சுருக்கமாக சிண்டா, 1991-இல் பிறந்தது. இந்திய மாணவர்கள் கல்வியில் பின்தங்கியிருந்ததே உடனடிக் காரணம். அலுவலகம் லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையில்.

மாதச் சம்பளச் சீட்டில் சிண்டா நிதிக்கான பிடித்தம் ஒரே ஒரு வரிதான். 2015-இல் வந்த விகிதப்படி, மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை சம்பாதிப்பவரிடம் 1 வெள்ளி. 15,000-க்கு மேல் வாங்குபவரிடம் 30 வெள்ளி. குடிமக்கள், நிரந்தரவாசிகள், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருக்கும் இந்தியர்கள் செலுத்துகிறார்கள். விருப்பமில்லாதவர் படிவம் கொடுத்து விலகலாம். அரசு மானியமும் சேர்கிறது. துணைப்பாட வகுப்பு, குடும்ப ஆலோசனை, நொடித்துப்போன வீடுகளுக்குக் கைகொடுப்பது எனப் பணம் சமூகத்துக்கே திரும்புகிறது. துப்புரவு வேலை செய்பவரின் ஒரு வெள்ளியும் அதில் உண்டு. இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

ஒர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலைக்கு வரும் தமிழகத் தொழிலாளி இந்தச் சந்தா வளையத்துக்கு வெளியே நிற்கிறார். அவரைப்போல் வேலைக்கு வந்து காயம்பட்டு, இழப்பீடு கைக்கு வரும்வரை சம்பளமின்றிக் காத்திருப்பவர்களுக்காக டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008-இல் கஃப் ரோடு திட்டத்தைத் தொடங்கியது. கையில் கட்டோடு வருபவருக்கு லிட்டில் இந்தியா உணவகத்தில் சூடான சோறும் குழம்பும் இலவசம். செலவை நன்கொடையாளர்கள் ஏற்கிறார்கள்.